காற்று மாசு யாரை, எப்போது தாக்குகிறது? – ஆனேக்கல் காட்டும் கணக்கு

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்பகுதியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளும், ஓசூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், கேழ்வரகு விளையும் சிற்றூர்களும், பன்னேருகட்டா வனத்தின் ஒரு பகுதியும் இவ்வட்டத்தில் அடங்கும். இத்தகைய நிலப்பரப்பின் காற்றுத் தூய்மையை ஒரே சராசரி எண்ணால் அளவிட்டுவிட முடியுமா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

அளவும் வரம்பும்

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் கண்காணிப்புக்கு அடிப்படை வகுத்தது. 2009இல் திருத்தப்பட்ட தேசியத் தர அளவுகளின்படி, 2.5 மைக்ரான் அளவுக்குட்பட்ட நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம் மட்டுமே. ஆயினும், கண்காணிப்பு நிலையம் தன்னைச் சூழ்ந்த காற்றை மட்டுமே அளக்கிறது. மக்கள் சுவாசிக்கும் காற்று அதனின்றும் வேறுபடலாம்.

செறிவு வேறு, சுமை வேறு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஆனேக்கல் நகரில் வாழும் தொழிலாளி ஒருவர் 14 மணி நேரம் 30 மைக்ரோகிராம் செறிவுள்ள வீட்டுச் சூழலிலும், 8 மணி நேரம் 45 மைக்ரோகிராம் உள்ள தொழிற்சாலையிலும், 2 மணி நேரம் 90 மைக்ரோகிராம் உள்ள நெடுஞ்சாலையிலும் இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒவ்வொரு செறிவையும் நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் 960. 24ஆல் வகுத்தால் 40. வீட்டு முகவரியை மட்டும் கொண்டு கணக்கிட்டிருந்தால் 30 என்றே பதிவாகியிருக்கும். நாளின் பன்னிரண்டில் ஒரு பங்கே ஆகும் சாலைப் பயணம், மொத்தச் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஏற்றிவிடுகிறது.

மாதிரிகள் இயங்கும் முறை

எல்லா இடங்களிலும் கருவி நிறுவுதல் இயலாது. எனவே கணித மாதிரிகள் தேவைப்படுகின்றன. பரவல் மாதிரி, புகை வெளியேறும் அளவையும் காற்றின் திசை, வேகத்தையும் கொண்டு செறிவைக் கணிக்கிறது. நிலப்பயன்பாட்டுத் தொடர்பு மாதிரி, சாலையின் அண்மை, தொழிற்கூடங்கள், மக்கள் நெருக்கம் ஆகியவற்றை அளவீடுகளோடு இணைத்து, அளக்காத இடங்களை மதிப்பிடுகிறது. 1990களில் ஆம்ஸ்டர்டாம், ஹடர்ஸ்ஃபீல்டு, பிராக் நகரங்களில் நடந்த ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டியது.

காலமும் இன்றியமையாதது. குளிர்காலக் காலையில் தரையை ஒட்டிய காற்றடுக்கு தாழ்ந்திருப்பதால் மாசு தேங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் அதைக் குறைக்கின்றன. கட்டியெழுப்பிய மாதிரியை, அதில் சேர்க்காத அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும்.

இந்திய அனுபவம்

ஐதராபாத்தின் புறநகரை ஒட்டிய 28 கிராமங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், நிலப்பயன்பாட்டு மாதிரியோடு உடலில் அணியும் கருவிகளும் பயன்படுத்தப்பட்டன. விறகடுப்புப் புகை, வெளிப்புறச் செறிவைக் கொண்டு மட்டும் அறிய முடியாத பெருஞ்சுமையாகும். இதனை 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் கிர்க் ஸ்மித் குழுவினர் சமையல் செய்யும் பெண்களிடம் அளந்து காட்டினர். நகரமும் கிராமமும் கலந்த ஆனேக்கல் போன்ற பகுதிகளுக்கு இப்பாடம் பெரிதும் பொருந்தும்.

திட்டமிடுவோர் கடமை

2019இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூருவும் இடம்பெற்றது. நகரச் சராசரி குறைவது வரவேற்கத்தக்கதே. ஆனால் சராசரி குறையும்போதே நெடுஞ்சாலையோரப் பள்ளியிலும் தொழிற்பேட்டைக் குடியிருப்பிலும் சுமை கூடக்கூடும். புதிய பள்ளிக்கு இடம் தேர்தல், கனரக வாகனங்களுக்கு நேரம் வகுத்தல், சமையல் எரிவாயு உதவியை எவருக்கு முதலில் சேர்த்தல் ஆகிய முடிவுகளுக்கு இடமும் நேரமும் காட்டும் வரைபடமே துணை நிற்கும். கருவி இல்லாத ஊரில் மாசு இல்லை என்று கொள்வது திட்டமிடல் ஆகாது. அங்கு வாழ்வோரைக் கணக்கிலிருந்து விலக்குவதே ஆகும்.