சேமித்த மதிப்பைப் படிவத்தில் காட்டுதல்

மாணவர் ஒருவரின் முகவரியைத் திருத்த வேண்டுமெனில், முன்பே சேமிக்கப்பட்ட முகவரி படிவத்தின் புலத்தில் தோன்றுதல் வேண்டும். இதற்காகச் சேவையகத்தில் இயங்கும் பிஎச்பி நிரல், மாணவரின் பதிவெண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் உரிய பதிவைத் தேடுகிறது. கிடைத்த முகவரியை ஒரு மாறியில் இருத்துகிறது. பின்னர் அம்மாறியின் மதிப்பை உள்ளீட்டுப் புலத்தின் 'வேல்யூ' என்னும் பண்புக்கூறில் எழுதிப் பக்கத்தை உலாவிக்கு அனுப்புகிறது.

பல வரிகள் கொண்ட உரைப்பகுதிக்கு 'வேல்யூ' பண்புக்கூறு இல்லை. அங்கு மதிப்பைத் தொடக்க ஒட்டுக்கும் முடிவு ஒட்டுக்கும் இடையே எழுத வேண்டும். கீழ்விரி பட்டியலில், உரிய தேர்வுக்குச் 'செலக்டட்' என்னும் பண்புக்கூறைச் சேர்க்க வேண்டும்.

இங்குக் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முகவரி,

12, "அன்னை இல்லம்", காந்தி தெரு

என இருப்பதாகக் கொள்வோம். பண்புக்கூறின் மதிப்பும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதப்படுவதால், 'அன்னை' என்னும் சொல்லுக்கு முன்னுள்ள குறியையே உலாவி மதிப்பின் முடிவாகக் கருதும். புலத்தில் '12,' மட்டுமே தோன்றும். பயனர் இதனை அறியாது சேமித்தால், முழு முகவரியும் அழிந்து அக்குறைமதிப்பே தரவுத்தளத்தில் நிலைத்துவிடும்.

இதனைத் தவிர்க்கப் பிஎச்பியில் 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' என்னும் செயற்கூறு உள்ளது. அது மேற்கோள் குறியை அதற்குரிய எச்டிஎம்எல் குறியீடாக மாற்றுகிறது. உலாவி அக்குறியீட்டைப் புலத்தில் மீண்டும் மேற்கோள் குறியாகவே காட்டுகிறது. இம்மாற்றத்தைக் காட்டும்பொழுது செய்தல் வேண்டும்; சேமிக்கும்பொழுது செய்தல் கூடாது. பயனர் தந்த மதிப்பு, தந்தவாறே தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும்.

மேற்கோள் குறியுள்ள மதிப்பு ஒன்றைப் படிவத்தில் காட்டி, எதனையும் திருத்தாது சேமித்துப் பாருங்கள். சேமித்த மதிப்பு மாறாதிருப்பின், படிவம் தன் பணியைச் சரிவரச் செய்கிறது எனலாம்.