சூரியனின் சீற்றமும் கொடைக்கானல் கணக்கேடும்

(இரண்டாம் ஆண்டு, செராமிக் டெக்னாலஜி)

சூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாம் என்ன செய்கிறோம்? எரியும்போது கதவைத் திறக்க முடியாது. பார்க்கிற துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்க்கிறோம். கோன் வளைந்துவிட்டதா என்று பார்க்கிறோம். தெர்மோகப்பிள் காட்டும் அளவை நேரம் தவறாமல் லாக் ஷீட்டில் எழுதுகிறோம். சூரியனுக்குள் கோன் வைக்க முடியாது, தெர்மோகப்பிளும் சொருக முடியாது. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று வெளிச்சத்தைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆனால் லாக் ஷீட் மட்டும் உண்டு! அது நம் தமிழ்நாட்டிலேயே, கொடைக்கானல் மலையில், நூறு வருஷத்துக்கு மேலாக எழுதப்பட்டு வருகிறது.

அந்த ஆய்வகம் உருவான கதையே ஒரு பஞ்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. தட்டில் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் எங்கள் ஆயா இன்றைக்கும் "தாது வருஷத்துல அடிபட்டவனாட்டம் திங்கிறியே" என்பார். அந்தத் தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப்போனார்கள். மழை ஏன் பொய்க்கிறது என்று காரணம் தேடியபோது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற கேள்வி வந்தது. அப்படியானால் சூரியனைத் தினமும் பார்க்க வேண்டும். தூசி இல்லாத, உயரமான, தெற்கே உள்ள இடம் வேண்டும் என்று தேடிக் கொடைக்கானலைப் பிடித்தார்கள். 1899-ல் மிச்சி ஸ்மித் தலைமையில் ஆய்வகம் தொடங்கியது. புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற அந்தக் கணக்கு பலிக்கவில்லை. ஆனால் தினமும் பார்க்கிற பழக்கம் மட்டும் நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது. அதுதான் பெரிய லாபம் என்பது என் கருத்து.

சரி, கரும்புள்ளி என்றால் என்ன? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி சென்டிகிரேடு. புள்ளி இருக்கும் இடம் 3500-லிருந்து 4000 டிகிரிதான். சுற்றிலும் அதிகப் பிரகாசமாக இருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறதே தவிர, நம் சூளை நெருப்பை அதன் பக்கத்தில் வைத்தால் சூளைதான் மங்கிப்போகும். அந்த இடத்தில் மட்டும் சூடு குறையக் காரணம் காந்தம். உள்ளேயிருந்து கொதித்து மேலே வரும் வாயுவைக் கடுமையான காந்தப்புலம் அங்கே தடுத்து வைக்கிறது. புள்ளிகள் காந்தமயமானவை என்பதை அமெரிக்காவில் ஹேல் என்பவர் 1908-ல் கண்டுபிடித்தார்.

அடுத்த வருஷமே கொடைக்கானல் பேசியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், ஒரு கரும்புள்ளியின் வெளிச்சத்தை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். புள்ளியின் ஓரப் பகுதியில் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கொஞ்சம் நகர்ந்திருந்தன. நம் விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்காமல் போகும் வண்டியின் ஹாரன், வரும்போது ஒரு மாதிரியும் தாண்டிப் போகும்போது ஒரு மாதிரியும் கேட்கிறது அல்லவா? அதே டாப்ளர் விதிதான். புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாயு, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று அவர் கணக்குப் போட்டார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இன்றும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் சும்மா இருக்கவில்லை. சூரியனின் விளிம்பில் தீப்பிழம்பு போல் எழும் பிராமினன்ஸ்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்.

வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் புள்ளி தெரியும்; அதற்கு மேலே நடக்கிற கூத்து தெரியாது. அதற்காக வைத்த கருவிதான் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். பெயர்தான் பெரிது, வேலை சுலபம். ஜெராக்ஸ் மிஷினில் ஒரு கோடு வெளிச்சம் தாள் மேல் ஓடுகிறது அல்லவா, அதைப்போல் ஒரு மெல்லிய பிளவு வழியாகச் சூரியனைத் துண்டு துண்டாக எடுப்பது. நிறமாலையில் கால்சியத்துக்கு உரிய ஒரே ஒரு கோட்டை மட்டும் இரண்டாவது பிளவு விட்டுவைக்கும். பிம்பம் நகர நகர, கண்ணாடித் தகட்டில் கால்சிய வெளிச்சத்தில் மட்டும் எடுத்த முழுச் சூரியன் பதிவாகும். இந்தப் படங்கள் 1904-லிருந்து இருக்கின்றன. ஹைட்ரஜன் வெளிச்சத்தில் எடுத்தவை 1912-லிருந்து. காந்தப்புலம் பலமாக இருக்கிற இடம் கால்சியப் படத்தில் பளிச்சென்று தெரியும். காந்தத்தையே நேரடியாகத் தினமும் அளந்து படமாக்கும் வசதி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதனால் பழைய காலத்துச் சூரியனின் காந்தம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் இந்தத் தகடுகளைத்தான் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் எடுக்கிறார்கள்.

எங்க அப்பா பல வருஷமாகச் சூளையில் நெருப்புப் போடுகிறவர். எங்கள் வீட்டில் படிப்பு என்று வந்தது நான்தான் முதல். இதையெல்லாம் சொன்னபோது அவர், "நேத்திருந்த சூரியன்தானே இன்னிக்கும் இருக்கு, அத எதுக்குடா தினமும் பாக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதில் இதுதான்.

சைக்கிள் டியூபை வெட்டி முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டென்று அறுந்து துள்ளும். கரும்புள்ளிக்கு மேலே காந்தக் கோடுகள் அப்படித்தான் முறுக்கிக்கொள்கின்றன. அறுந்து வேறு விதமாக இணையும்போது சேர்ந்திருந்த சக்தி ஒரே நேரத்தில் வெளிப்படுகிறது. இதுதான் ஃப்ளேர். சில சமயம் அதோடு கோடிக்கணக்கான டன் வாயுவும் காந்தமும் சேர்ந்து வானவெளியில் வீசப்படும். ஃப்ளேரின் வெளிச்சம் எட்டே நிமிஷத்தில் பூமிக்கு வந்துவிடும். வீசப்பட்ட வாயு வந்து சேர ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். பார்க்காமல் இருந்தால் அவகாசமும் இல்லை.

1859 செப்டம்பர் 1-ல் இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் ஃப்ளேரை முதன்முதலாகப் பார்த்தார். ஒரு நாள்கூட ஆகவில்லை, பூமியின் காந்தமே ஆட்டம் கண்டது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. அந்தப் புயல் எவ்வளவு பெரியது என்று 2003-ல் கணக்குப் போட உதவியது எது தெரியுமா? பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் அன்று எழுதி வைத்த காந்த அளவுகள்! 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒன்றரை நிமிஷத்தில் மின்சாரம் மொத்தமாக விழுந்தது; 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு இது புரியும்: தரையில் தூண்டப்பட்ட, கிட்டத்தட்ட டி.சி. போன்ற மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த் வழியாக ஏறியது. கோர் செறிவடைந்து ஹார்மோனிக்ஸ் கிளம்ப, பாதுகாப்பு ரிலேக்கள் வரிசையாக டிரிப் ஆகிவிட்டன. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. அதனால் பக்கத்து நெய்வேலிக்கு அந்த அளவு பயம் இல்லை. ஆனால் வானத்தில் இருப்பவற்றுக்கு நடுக்கோடு என்ன, துருவம் என்ன? 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலிலேயே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 திரும்பி விழுந்து எரிந்தன.

2024 மே 10-ல் வந்தது இருபது வருஷத்தில் பெரிய புயல். லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்ததைக் கேமராக்கள் பிடித்தன. அப்போது இந்தியாவுக்கு இன்னொரு கண்ணும் இருந்தது. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, இரவு என்பதே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. கொடைக்கானலில் மேகம் மூடும், அங்கே மூடாது. அதற்காகக் கொடைக்கானல் வேண்டாம் என்று ஆகாது. விண்கலம் சில வருஷத்துக் கதையைத்தான் சொல்லும். புள்ளிகள் பெருகிக் குறைய சுமார் 11 வருஷம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு மாதிரி. பத்துச் சுற்றுக் கதை தகட்டில்தான் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். நம்மில் பலர் சூளைத் துளையில் பார்க்கும் நீலக் கண்ணாடியை எடுத்துச் சூரியனைப் பார்க்க ஆசைப்படலாம். தயவுசெய்து வேண்டாம்! 1250 டிகிரி சூளையின் உட்புறம் ஒரு சதுர சென்டிமீட்டரில் விடும் சக்தியைவிடச் சூரியன் சுமார் 200 மடங்கு விடுகிறது. பரம நிலை வெப்பத்தின் நான்காம் அடுக்கு, நீங்களே போட்டுப் பாருங்கள். நீலக் கண்ணாடி அகச்சிவப்பை நன்றாகவே உள்ளே விடும். விழித்திரை வெந்தால் வலிக்காது, அதனால் அப்போதைக்குத் தெரியவும் தெரியாது. எக்ஸ்ரே ஃபிலிமும் ஆகாது.

அதற்குப் பதில் இதைச் செய்யலாம். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் 5 மில்லிமீட்டர் துளை விடுங்கள். வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் வெளிச்சத்தை விழ வையுங்கள். எதிரே யார் கண்ணிலும் படக்கூடாது. சுவரில் 18 சென்டிமீட்டர் அகலத்தில் சூரியன் வரும். (ஓட்டுக் கூரைப் பொத்தல் வழியே தரையில் விழும் வட்டங்களும் சூரியனின் படமே.) ஃப்ளேர் இதில் தெரியாது. பூமியைப்போல் சுமார் 15 மடங்கு அகலம் இருந்த 2024 மே மாதப் புள்ளிக் கூட்டம் போன்றது வந்தால் அழுக்குப் படிந்த மாதிரித் தெரியும். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினால் அழுக்கும் வட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது புள்ளி. சுவரிலேயே நின்றால் சுண்ணாம்பு. தாளை ஒட்டி வட்டத்தை வரைந்து, புள்ளியைக் குறித்து, தேதியும் நேரமும் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால் புள்ளி இடம் மாறியிருக்கும், ஏனென்றால் சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. மேகமாக இருந்தால் அந்தத் தேதிக்கு நேரே "மேகம்" என்று எழுதுங்கள், காலியாக விட வேண்டாம்.