நான்கே பொருளில் ஒரு ரொட்டி

கேக் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் கையில் எடுப்பது கடைக்கான சீட்டுதான். வெண்ணெய், முட்டை, வெனிலா எசன்ஸ், பேக்கிங் பவுடர் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தாலும் பலர் எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். மீறிச் செய்கிறவர்களும், ‘இருப்பதை வைத்து ஒப்பேற்றினேன்’ என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் தட்டை நீட்டுகிறார்கள். அந்தத் தொனி தேவையே இல்லை என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. வீட்டு அடுப்பில் பிறந்து நிலைத்துவிட்ட ரொட்டிகளும் கேக்குகளும் பெரும்பாலும் அலமாரியில் இருந்ததை வைத்துச் செய்யப்பட்டவையே. ஒவ்வொரு பொருளும் மாவுக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கையிருப்பிலேயே நல்ல பண்டம் ஒன்று அமையும். அது எதற்கும் மாற்று அல்ல.

இதற்கு நான் காட்டும் முதல் சாட்சி அயர்லாந்தின் சோடா ரொட்டி. கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, மோர், அவ்வளவுதான். அந்த நாட்டின் ஈரக் குளிரில் நன்றாக விளைவது புரதம் குறைந்த மென்கோதுமை. ஈஸ்ட் போட்டு ரொட்டி செய்ய வேண்டுமானால் மாவு இழுபட்டு நின்று, மணிக்கணக்கில் வாயுவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். மென்கோதுமைக்கு அந்த வலு போதாது. 1830களில் சமையல் சோடா அங்கே புழக்கத்துக்கு வந்தது. வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் புளித்த மோர் பண்ணை வீடுகளில் எப்போதும் இருந்தது. மோரில் இருக்கும் லாக்டிக் அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு உடனே கிளம்பிவிடும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், பிசையவும் வேண்டாம். ஈஸ்ட்டுக்கு ஆகாத அதே மாவு இங்கே மெத்தென்ற ரொட்டியாயிற்று. பல வீடுகளில் அவன் கிடையாது. பாஸ்டிபிள் என்ற கனத்த வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் மாவை வைத்து, கீழே தணல், மூடி மேலும் தணல் என்று சுட்டார்கள். பிரியாணிக்கு தம் போடத் தெரிந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

‘பேக்கிங் என்றால் வேதியியல், அளவு பிசகினால் எல்லாம் போச்சு, இதில் இஷ்டத்துக்கு மாற்றலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேதியியல் என்பது உண்மைதான். அதனால்தான் மாற்ற முடிகிறது. சோடாவுக்குத் தேவை ஓர் அமிலம். அது மோரா, தயிரா, எலுமிச்சைச் சாறா, வினிகரா என்பது சோடாவுக்குப் பொருட்டில்லை. அளவு மட்டும்தான் கறார். அரை தேக்கரண்டி ஆப்ப சோடாவுக்கு ஒரு கப் புளித்த தயிர் ஏறக்குறைய ஈடாகும். சோடா கூடினால், அமிலம் கிடைக்காத மிச்சம் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, சோப்பு வாடையும் கரும்பழுப்பு நிறமும் தரும். 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 400 மில்லி அளவுக்கு மோர் என்ற ஐரிஷ் கணக்கும் இந்த விகிதத்தை ஒட்டியே வருகிறது. நாம் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோர் இதற்கு உதவாது. புளித்த கெட்டித் தயிரை லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். மோரை ஊற்றியதும் நுரை எழுவது கண்ணுக்கே தெரியும். மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கையை ஓட்டி, உருட்டி, நடுவரை சூடு போவதற்காக மேலே சிலுவைபோல் ஆழமாகக் கீறி, சூடான அவனில் உடனே வைத்துவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்து வைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் வாயு போய்விடும், வருவது கட்டிதான். வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை கேட்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பஞ்சத்திலும் போரிலும் வேறு வழியில்லாமல் செய்ததை, வசதி வந்ததும் மக்களே தூக்கிப் போட்டார்களே என்பது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்கு வந்தன. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை என்ற நிலையும் வந்தது. ரேஷன் முழுதாக முடிந்தது 1954 ஜூலையில். அந்தக் காலத்துப் பண்டங்களில் பல மறைந்துபோனது உண்மை. எவை மறைந்தன என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். சோயா மாவில் பாதாம் எசன்ஸ் ஊற்றிச் செய்த போலி மார்சிபன், கள்ளக் கிரீம், திருமணக் கேக்கின் மேல் கவிழ்த்த அட்டை மூடி என்று இன்னொன்றாக நடித்தவையெல்லாம் போய்விட்டன. சர்க்கரைத் தட்டுப்பாட்டில் பரவலான கேரட் கேக் நிலைத்தது. இனிப்பையும் ஈரத்தையும் கேரட் தன் இயல்பிலேயே தருகிறது. முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாமல் மைதா, சர்க்கரை, கோகோ, சோடா, வினிகர், எண்ணெய், தண்ணீர் மட்டும் கலந்து செய்யும் சாக்லேட் கேக்கை அமெரிக்க வீடுகளில் இன்றும் விரும்பிச் செய்கிறார்கள். எண்ணெய் அறைச் சூட்டிலும் உறைவதில்லை என்பதால் அந்த கேக் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். வெண்ணெய் கேக் குளிர்ந்தால் இறுகிவிடும்.

எல்லை ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முட்டையை நுரைக்க அடித்து, அந்த நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஸ்பாஞ்சைத் தயிரால் செய்ய முடியாது. முயன்றால் போலி மார்சிபன் கதைதான். ஆகவே முட்டை இல்லாத நாளில், முட்டைக்குப் பதில் என்ன போடலாம் என்று தேடுவதை விட்டுவிட்டு, முட்டை கேட்காத கேக் எது என்று தேடுவதே சரியான வழி என்பேன். எகிப்திலும் லெவண்ட் நாடுகளிலும் செய்யும் பஸ்பூசாவில் வழக்கமாக முட்டை கிடையாது. ரவை, தயிர், சர்க்கரை, நெய், கொஞ்சம் பேக்கிங் பவுடர் அல்லது சோடா. எல்லாம் நம் வீட்டில் இருப்பவையே. ரவையைத் தயிரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் அது நீரைக் குடித்து உப்பும். வேகும்போது அதன் மாவுச்சத்தே கெட்டிப்பட்டு, முட்டை செய்ய வேண்டிய பிணைப்பு வேலையைச் செய்துவிடும். சோடாவை மட்டும் ஊறிய பிறகு, கடைசியில் கலக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் குக்கர் போதும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தில் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் விட வேண்டும். குக்கரில் மேலிருந்து சூடு குறைவாகத்தான் இறங்கும் என்பதால் மேற்புறம் வெளிறியே இருக்கும். நிறத்துக்காகக் காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும்; நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்ததும் எடுத்துவிடலாம். துண்டு போட்டுச் சூடாக இருக்கும்போதே, ஆறிய சர்க்கரைப் பாகை மெல்ல ஊற்றினால் ரவை அதை முழுதாக இழுத்துக்கொள்ளும்.