கரையாத உப்பும் கிணற்று நீரும்

வேலை நிமித்தம் வெளி மாநிலம் வந்த நம்மவர், புதிய வீட்டில் முதலில் வினவுவது தண்ணீரைப் பற்றியே. பருப்பு வேகுமா? சோப்பு நுரைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால் நல்ல நீர் என முடிவு கட்டிவிடுகிறோம். இராஜஸ்தானத்திலும் தெலங்கானாவிலும் பல ஊர்களில் இம்முடிவு பிழையாகலாம். அதன் காரணத்தை அறிய, ரசாயனத்தில் கரைதிறன் பெருக்கம் எனப்படுவதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

கரையாத உப்புகள் என்று நாம் ஒதுக்குபவை சிறிதளவேனும் கரையக்கூடியவையே. பாறைகளில் உள்ள கால்சியம் புளோரைடு அத்தகையது. ஒரு லிட்டர் தூய நீரில் அது சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும். கரைந்த பகுதி, கால்சியம் அயனி ஒன்றுக்குப் புளோரைடு அயனி இரண்டு என்ற கணக்கில் பிரிந்து நிற்கும். இனி நீர் ஏற்காது என்னும் நிலை வந்ததும், கால்சியத்தின் செறிவைப் புளோரைடுச் செறிவின் வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்தால், வெப்பநிலை மாறாதவரை அத்தொகை மாறுவதில்லை. இதுவே கரைதிறன் பெருக்கம்.

தொகை மாறாதெனில், ஒன்று குறைய மற்றொன்று கூட இடமுண்டு. கால்சியம் கால் பங்காகக் குறைந்தால் புளோரைடு இரு மடங்கு வரை ஏறலாம். நிலத்தடி நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்துள்ள இடங்களில் நடப்பது இதுவே. அங்கே கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிடுகிறது. பாறையிலுள்ள புளோரைடு மேலும் கரைகிறது. கால்சியம் குறைந்தமையால் நீர் மென்மையாகிறது. சோப்பு நுரைக்கிறது, பருப்பும் வேகிறது! கடின நீரையே வசைபாடிப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு போதும் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிட்டாவிடில் 1.5 வரை ஏற்கப்படும். அதற்கு மிஞ்சிய நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால், வளரும் குழந்தைகளின் பற்களில் கறை தோன்றும். பின்னர் எலும்பும் மூட்டும் இறுகும். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை மருத்துவர்கள் 1937-இல் எடுத்துரைத்தனர்.

காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்று ஏறவும் செய்யும். சுண்ணாம்பு மட்டும் சேர்த்து அதனை 1.5-க்கு இறக்குவதென்றால், நீரில் கால்சியம் அளவுக்கு மீறி வேண்டும். ஆகவேதான் சுண்ணாம்புடன் படிகாரமும் இட்டு, திரளும் வண்டலோடு புளோரைடைப் பிரிக்கிறார்கள். அளவறிந்து செய்யவேண்டிய வேலை அது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்போர், முதலில் அதனை அரசினர் நீர்ப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் புளோரைடு அளவைக் கேட்டறிவது நலம்.