விமானச் சாகசம் ஏன் கடலின்மேல் நடந்தது?

2024 ஜனவரியில் மும்பை மரைன் டிரைவில் இந்திய விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. மக்கள் கரையில் திரண்டிருந்தனர். சூரியகிரண் விமானங்கள் கடலின்மேல் பறந்தன. அந்த இடைவெளி அழகுக்காக விடப்பட்டதன்று.

1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத்தளத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்தனர். இத்தாலிய விமானப்படைக் குழுவின் பத்து விமானங்கள் வானில் இதய வடிவம் வரையத் தொடங்கின. அவ்விதயத்தை அம்புபோல் ஊடுருவ வேண்டிய விமானம் பார்வையாளர்களை நோக்கி வந்தது. அது சற்று முன்னதாகவும் தாழ்வாகவும் வந்து, வேறிரண்டு விமானங்கள் மீதும் மோத நேர்ந்தது. விரைந்து செல்லும் பொருள் உடைந்தாலும் தான் சென்ற திசையிலேயே செல்லும். எரிபொருள் பற்றியெரிய, அவ்விமானம் கூட்டத்தினுள் பாய்ந்தது. மூன்று விமானிகள் உட்பட 70 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் தீக்காயமுற்றனர்.

அதன்பின் விதிகள் கடுமையாயின. விமானங்கள் கூட்டத்தை நோக்கி வராமல், அதற்கு இணையாக, விலகிப் பறக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது.

பார்வையாளர்களை மட்டும் காத்தால் போதுமா? 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத் பேகம்பேட்டையில் கடற்படையின் சாகச விமானம் ஒன்று, நிலையத்துக்கு வெளியே குடியிருப்புக் கட்டடத்தின்மீது விழுந்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். தாராவியும் செம்பூரும் போல வீடுகள் நெருங்கிய மும்பையில், விமானம் விழுந்தாலும் எவர்மீதும் விழாத பரப்பு கடலில்தான் கிடைக்கும்.