திரைக்குள் ஒரு கை – 14: படம் ஏன் அசையவில்லை?

போன மே மாதம் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. இந்தத் தொடருக்காக வாங்கி வைத்திருந்த ஓர் ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரையில் ஓர் இளம்பெண் வந்தாள். சிரித்தாள், கையை ஆட்டிப் பேசினாள், ஆட்டத்தை எப்படி ஆடவேண்டும் என்று விளக்கினாள். கதை தொடங்கியதும் எல்லாம் உறைந்து நின்றது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சில நொடி கழித்து வேறொரு புகைப்படம் வந்தது. அதன்பின் இன்னொன்று. அவன் மவுஸை இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.

“மாமா, ஹேங் ஆயிடுச்சா?”

ஆகவில்லை. ‘பிளம்பர்ஸ் டோன்ட் வேர் டைஸ்’ என்ற அந்த ஆட்டமே அப்படித்தான். 1994இல் அமெரிக்காவில் 3டிஓ என்ற கருவிக்கு வெளிவந்தது. யுனைடெட் பிக்சர்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்க, கிரின் என்டர்டெயின்மென்ட் வெளியிட்டது. தன்னைக் காதல் நகைச்சுவை இன்டராக்டிவ் மூவி என்று சொல்லிக்கொண்டது. மூவி என்று நம்பி வட்டைச் செருகியவர்களுக்கு அசைந்த படமாகக் கிடைத்தது அந்த முன்னுரை மட்டும்தான். மீதிக் கதை முழுக்கப் புகைப்படங்களும் குரலும். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: தியேட்டர் வாசலில் ஒட்டிய ஸ்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி ஒலிச்சித்திரம் கேட்பதுபோல.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸின் கனவு அது. 1993 அக்டோபரில் கடைக்கு வந்தபோது விலை 699 டாலர். ஆட்டங்களை வெளியிடுவோரிடம் ஒரு வட்டுக்கு 3 டாலர் மட்டுமே உரிமத் தொகையாக வாங்கினார்கள். போட்டிக் கருவிகளோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. கதவு அகலமாகத் திறந்திருந்ததால் கையில் சொற்பப் பணம் வைத்திருந்தவர்களாலும் உள்ளே வர முடிந்தது. குறுந்தட்டில் அசையும் படம் வரும் என்பதே பெரிய அதிசயமாக இருந்த காலம். நடிகர்களை வைத்துப் படம் பிடித்து, நடுநடுவே நம்மைத் தேர்வு செய்யச் சொல்லும் ஆட்டங்கள் வரிசைகட்டி வந்தன. அந்த அதிசயத்துக்காகத்தான் ஜனங்கள் 699 டாலரை எண்ணிக் கொடுத்தார்கள். அந்தக் கருவியில் இந்த வட்டைப் போட்டவர்களின் கோபத்தை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன்.

கதை எளிமையானது. ஜான் ஒரு பிளம்பர். ஜேன் வேலை தேடும் பெண். கல்யாணம் செய்துகொள் என்று அவனை அம்மா நச்சரிக்கிறார், அவளை அப்பா நச்சரிக்கிறார். இருவரும் சந்திக்கிறார்கள். நடுநடுவே ஒரு பலகை வரும். இது நடக்கட்டுமா, அது நடக்கட்டுமா என்று கேட்கும். தவறானதைத் தேர்ந்தால் கதைசொல்லி நம்மையே திட்டுவார். சில புகைப்படங்களுக்குக் காரணமே இல்லாமல் கண் கூசும் நிறம் ஏற்றியிருப்பார்கள். ஜேனாக நடித்தவர் ஜீன் பசோன். 80களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ‘குளோ’ பெண்கள் மல்யுத்த நிகழ்ச்சியில் ‘ஹாலிவுட்’ என்ற பெயரில் மோதியவர். அசையாத படத்திலும் அவர் முகத்தில் ஓர் உற்சாகம் தெரியும். கொடுத்த வேலையை மனதார ஒருவர் செய்திருக்கிறார் என்பது அந்த ஸ்டில்களில் எனக்குத் தட்டுப்படுகிறது.

மறந்துபோயிருக்க வேண்டிய ஆட்டம். 2009இல் ஜேம்ஸ் ரோல்ஃப் அதைத் தூசி தட்டி எடுத்தார். ‘ஆங்ரி வீடியோ கேம் நெர்ட்’ என்ற பாத்திரமாக நின்று, பழைய மோசமான ஆட்டங்களைக் கேமரா முன் ஆடிக் கொதித்துத் தீர்ப்பது அவர் பாணி. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தார்கள். 1994இல் தனியாக உட்கார்ந்து ஏமாந்தவனின் எரிச்சல், பதினைந்து வருடம் கழித்துக் கூட்டத்தின் சிரிப்பாகிவிட்டது. பணம் கொடுத்தவன் சிரிக்க மாட்டான். அடுத்தவன் பணம் கொடுத்ததைப் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பில் மெல்ல மெல்லப் பிரியமும் கலந்துவிட்டது. 2024இல் லிமிடெட் ரன் கேம்ஸ் நிறுவனம் இதைச் செப்பனிட்டு இன்றைய கருவிகளுக்கு மறுபடி வெளியிட்டது. மருமகன் ஆடியது அந்தப் பதிப்பைத்தான்.

மலிவுதான் இதன் குற்றம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. மலிவான படைப்பை மக்கள் எவ்வளவு அன்போடு ஏற்பார்கள் என்பதற்கு ‘கான்ட்ரடிக்ஷன்’ சாட்சி. 2015இல் வந்த பிரிட்டிஷ் ஆட்டம். பழைய கணினி ஆட்டங்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கிய டிம் ஃபாலின், சிறு முதலீட்டில் எடுத்தது. ஈடன்டன் என்ற கிராமத்தில் கேட் வைன் என்ற மாணவி இறந்துவிடுகிறாள். துப்பறியும் ஜென்க்ஸ் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொன்னதும் வரி வரியாகப் பட்டியலாகும். ஒரே ஆள் சொன்ன இரண்டு வரிகளை எடுத்து, ‘இது அதோடு ஒட்டவில்லையே’ என்று அவர் முன் வைக்க வேண்டும். நாம் வைத்தது சரியென்றால் எதிரே இருப்பவர் முகம் மாறும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த ஆட்டம்.

ஜென்க்ஸாக நடித்த ரூபர்ட் பூத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். புருவத்தை ஏற்றுவது, கையில் ஏதாவது பொருளைத் தூக்கிக் காட்டிக் கண்ணாலேயே கேள்வி கேட்பது என்று கொலை விசாரணைக்கு நடுவே ஒரு கோமாளித்தனம் செய்துகொண்டே இருப்பார். சம்பந்தமில்லாத பொருளைச் சம்பந்தமில்லாத ஆளிடம் காட்டினாலும் அதே தீவிரம். ஆடியவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். நான் விசாரணையை முடித்த பிறகும், இன்னும் எதையெல்லாம் யாரிடம் காட்டலாம் என்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். நாம் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் மனிதர்கள் பதில் சொல்லும்போது, பின்னால் பெரிய செட் இல்லையென்பது யார் கண்ணில் படும்?

வாக்குறுதி பொய்யானதுதான் கோபத்துக்குக் காரணம் என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. 1967இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் ‘கினோஆட்டோமாட்’ என்ற படம் ஓடியது. ராதூஸ் சின்சேராவின் படைப்பு. 127 இருக்கைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சைப் பொத்தான்கள். துண்டு மட்டும் கட்டிய பெண், கதவு பூட்டிக்கொண்டதால் தன் வீட்டுக்கு வெளியே நிற்கிறாள். கதாநாயகன் திரு நோவாக் அவளைத் தன் வீட்டுக்குள் விடலாமா? படம் நின்றுவிடும். ஒருவர் மேடையேறி வாக்குக் கேட்பார். எந்தப் பக்கம் வாக்குப் போட்டாலும் கதை சுற்றி வந்து அடுத்த கேள்வியில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எப்படியும் அடுக்குமாடி எரியும். அந்தத் தேர்வும் ஒரு வகையில் பொய்தான். ஆனாலும் அரங்கம் சிரித்து ரசித்தது. அந்தப் பொய்யிலேயே ஒரு கருத்து இருந்தது. 1972இல் தங்கள் நாட்டு அதிகாரிகளே தடை போடும் அளவுக்குக் கூர்மையான கருத்து.

இந்தப் பிளம்பர் கதையில் அப்படி எதுவும் இல்லை என்பதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அரை மணி நேரத்தில் மருமகனுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. பச்சை ஊதா நிறங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். வேண்டுமென்றே தவறான தேர்வாகப் போட்டுக் கதைசொல்லியிடம் திட்டு வாங்கினான். நண்பன் ஒருவனுக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினான். பிறகு ஜேன் நேர்காணலுக்குப் போனாள். முதலாளி திரெஷர், வேலை வேண்டுமென்றால் தன் இச்சைக்கு இணங்கு என்கிறார். அவள் முகம் ஸ்டில்லாக நிற்கிறது. ஆட்டம் இதையும் வேடிக்கையாகவே காட்டுகிறது. பின்னணிக் குரலில் அதே துள்ளல். அடுத்து என்ன நடக்கட்டும் என்று பலகை வந்தது.

அவன் கை மவுஸிலேயே இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அக்கா, என் அக்காவின் மூத்த மகள், அந்த வாரம்தான் பெங்களூருவில் இரண்டாவது நேர்காணலுக்குப் போய் வந்திருந்தாள்.

“இது காமெடியா மாமா?” என்றான். நண்பனிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தான்.

(தொடரும்)