யாழ். நகரில் தொலைந்த பை: மீளப் பெறக்கூடியவையும் பெற முடியாதவையும்

வன்னியிலிருந்தும் தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் பலர், ஒரே நாளில் போதனா வைத்தியசாலை, வங்கி, கஸ்தூரியார் வீதிக் கடைகள், நவீன சந்தை என்று அலைந்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அந்த அவசரத்தில் கையிலிருந்த பை எங்கோ தவறிவிடுகிறது. பணம் போனதைவிட, பைக்குள் இருந்த அடையாள அட்டை போனதுதான் எமது மக்களை அதிகம் கலங்க வைக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். சோதனைச்சாவடிகளின் காலத்தில் அந்த அட்டை இல்லாதவர் வீடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை.

இன்று அடையாள அட்டை தொலைந்தால் மீளப் பெற வழி இருக்கிறது. ஆனால் எமது பைகளில் மீளப் பெறவே முடியாத சில பொருட்களும் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது அவசியம்.

முதல் சில மணி நேரம்

பஸ்ஸில் தவறவிட்டிருந்தால் பயணச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்ல அது உதவும். பஸ் நிலையத்திலுள்ள நேரக்கணிப்பாளரிடம் சொன்னால், நடத்துநருடன் தொலைபேசியில் பேசிப் பார்க்க முடியும். இ.போ.ச பஸ் என்றால் அந்த பஸ்ஸுக்குரிய சாலையிலும், ரயில் என்றால் நிலைய அதிபரிடமும் விசாரியுங்கள்.

வங்கி அட்டை தொலைந்திருந்தால் தேடுவதற்கு முன்னரே வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். கைப்பேசி என்றால் சிம் அட்டையை முடக்கச் சொல்லுங்கள். கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பொலிஸ் முறைப்பாட்டுக்குத் தேவைப்படும். கைப்பேசி கையில் இருக்கும்போதே \*#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தெரியும். இன்றே எழுதி வையுங்கள்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. பொலிஸ் நிலையப் படியேற இன்றும் தயங்குபவர்கள் எம்மிடையே பலர். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் அட்டையை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தினால், அது எப்போது தொலைந்தது என்பதற்கு இந்த முறைப்பாடுதான் உங்கள் ஆதாரம். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

பதிவேட்டில் இருப்பவை

தேசிய அடையாள அட்டைக்கு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் உங்கள் கிராம அலுவலரிடம் செல்ல வேண்டும். அவர் உறுதிப்படுத்தும் விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். பழைய அட்டையின் இலக்கம் தெரிந்திருந்தால் வேலை இலகுவாகும். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதியை பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெறலாம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும், கடவுச்சீட்டுக்கு குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் இருக்கின்றன. அலைச்சலும் செலவும் உண்டு. ஆனால் இவற்றின் மூலப்பதிவு அரசிடம் இருக்கிறது.

பதிவேட்டில் இல்லாதவை

2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்கள் பலர் ஒரு சொப்பிங் பையில் கொண்டு வந்ததுதான் அவர்களிடம் மிஞ்சிய ஆவணங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரே புகைப்படம், அவருடைய பழைய அடையாள அட்டை, செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு. அம்மாமார் இவற்றை அலுவலகம் அலுவலகமாகச் சுமந்து செல்கிறார்கள். காணாமல் போனோர் அலுவலகத்தில் விபரம் கொடுப்பதற்கும், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ் காணாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்கும், நாளை ஒரு நீதிமன்றத்தில் நிற்பதற்கும் இவை வேண்டும். இந்தப் பை பஸ்ஸில் போனால், அதற்குப் பதிலாக இன்னொன்றைத் தர எந்தத் திணைக்களத்தாலும் முடியாது.

ஆகவே மூலப் பிரதிகள் வீட்டிலேயே இருக்கட்டும். நிழற்பிரதியைக் கொண்டு செல்லுங்கள். மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், அன்றைக்கு மட்டும் எடுத்துப் போய்க் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்குங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருக்கும் நம்பிக்கையான ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது

வீதியில் கிடந்ததை எடுத்தால் அது எடுத்தவருக்குச் சொந்தம் என்ற எண்ணம் பிழையானது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு இதனை நேர்மையற்ற கையாடலாகப் பார்க்கிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக ஒரு பொருளை எடுப்பது குற்றமல்ல. உரியவர் யார் என்று தெரிந்திருந்தும், அல்லது தேடினால் தெரியக்கூடியதாக இருந்தும், நியாயமான முயற்சி செய்யாமல் தனதாக்கிக் கொள்வதுதான் குற்றம். அடையாள அட்டை உள்ள பணப்பையில் உரியவரின் பெயர் இருக்கிறது. எனவே 'யாருடையது என்று தெரியாது' என்று சொல்ல இடமில்லை.

பொலிஸில் ஒப்படைத்தால் பொருட்களின் விபரத்தைப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். அங்கு போக விருப்பமில்லாவிட்டால், அட்டையிலுள்ள விலாசத்துக்குரிய கிராம அலுவலரிடம் தகவல் சொல்லலாம். முகநூலில் போடுவதென்றால் அட்டையின் இலக்கத்தையும் விலாசத்தையும் மறைத்துப் போடுங்கள். உரியவர் என்று ஒருவர் வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் இல்லாத, கிழிந்த பிளாஸ்டிக் பை என்றால் தூக்கி எறியாதீர்கள். உள்ளே மங்கிய ஒரு புகைப்படமும் மடித்த சில கடிதங்களும் இருந்தால், பணப்பையைவிட அதைத்தான் விரைவாகச் சேர்ப்பிக்க வேண்டும்.

அந்தப் பையை உரியவரிடம் சேர்க்க ஒரு தொலைபேசி எண் போதும். உங்கள் வீட்டில் வயதானவர்களின் பைக்குள் பிள்ளை ஒருவரின் எண்ணை எழுதிய துண்டொன்றை வைத்துவிடுங்கள். கண்டெடுப்பவர் நல்லவராக இருந்தால், அவருக்கு அழைப்பதற்கு ஓர் எண் வேண்டுமல்லவா?